நாய்க்கும் சிசேரியனா?

மஸ்கெலியாப் பக்கம் ஒரு நாய் குட்டி போட முடியாம கிடக்குது, ஒப்பரேசன் செய்யணும் என்று சொன்னால் முதல்ல வருவது சிரிப்புத்தான். "மனுசருக்கே டிக்கோயாவுக்கு ஓடணும், இதில நாய்க்கும் சிசேரியனா?" அந்தச் சிரிப்பில் நியாயம் இல்லாமலில்லை. ஆனா இந்த ஒப்பரேசனின் வரலாற்றில் மனுசரையும் மிருகத்தையும் அவ்வளவு லேசாகப் பிரிச்சிட முடியாது.

சுவிட்சர்லாந்தில் யாக்கோப் நூஃபர் என்றொருவர். பெண் பன்றிகளுக்கு மலடு அறுப்பது அவர் தொழில். 1500ஆம் ஆண்டு மனைவி பிரசவ வலியில் நாட்கணக்கில் தவிக்க, பன்றி அறுத்த கையாலேயே அவள் வயிற்றைத் திறந்தாராம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்களாம். கதை எழுதப்பட்டது சுமார் எண்பது வருசம் கழித்து, அதனால பல வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை. நான் பாதி நம்புகிறேன். ஒரு வயிற்றை அறுத்து மறுபடி தைத்தால் உயிர் தங்கும் என்பது அந்தக் காலத்தில் டொக்டர்மாரைவிட பன்றிக்காரருக்குத்தான் பழக்கம்.

டொக்டர்மார் அப்போது கருப்பையைத் தைக்காமலே விட்டார்கள். இரத்தப்போக்கிலும் கிருமியிலும் பெரும்பாலான தாய்மார் செத்தார்கள். 1876இல் இத்தாலியின் எதுவார்தோ போரோ, பிள்ளையை எடுத்த கையோடு கருப்பையையும் வெட்டி எடுத்து ஒரு தாயைக் காப்பாற்றினார். 1882இல் ஜெர்மனியின் மக்ஸ் ஸேங்கர் கருப்பையைத் தைத்தே காப்பாற்றலாம் என்று காட்டினார்.

அதே நூற்றாண்டில் நம்ம மலையில் என்ன நடந்தது? 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைக் கூட்டமாகவே கொண்டுவந்தார். கோப்பித் தோட்டங்களில் மாடு வளர்த்தது பாலுக்கு மட்டுமில்லை, எருவுக்கும். தொழிலாளருக்கான மருத்துவச் சட்டம் 1872இல்தான் வந்தது. அதுவும் கூலிக்கு ஆள் குறையக்கூடாது என்ற கணக்கு கலந்ததுதான். லயத்து நாயைச் சட்டம் திரும்பிப் பார்த்தது 1893இல், விசர்நோய்ச் சட்டம் வந்தபோது. பிறகு நீண்ட காலம் தெருநாய் என்றால் பிடித்துக் கொல்வதுதான். 2006இல் அரசாங்கம் அதை நிறுத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முன்னுக்கு வந்தன.

உண்மையில் லயத்து நாய்க்குச் சிசேரியன் அபூர்வம். விறகு அடுக்குக்குப் பின்னால போய்த் தானாகவே குட்டி போட்டுக்கொள்ளும். மனுசர் அழகுக்காக வளர்த்தெடுத்த இனங்களுக்குத்தான் பாடு: 2010இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்றில் புல்டோக் ஈற்றுகளில் 80 வீதத்துக்கும் மேல் சிசேரியன். தலை அவ்வளவு பெரிசு, இடுப்பு அவ்வளவு ஒடுக்கம். ஆனா சாதாரண நாயும் மாட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை, முதல் குட்டிக்கு முன்பே பச்சை நிறக் கசிவு, உள்ளே இன்னும் குட்டி இருக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி என்றால் காத்திருக்க வேண்டாம், வாகனம் தேடுங்க.

ஒப்பரேசன் முடிஞ்சு வந்த பிறகுதான் வீட்டுக்காரருக்கு வேலை. மயக்கம் முழுசா தெளியாத தாய் குட்டியின் மேல் படுத்துவிடும், சில நேரம் தன் குட்டி என்றே தெரியாமல் கடிக்கும். பக்கத்தில் இருந்து பால் குடிக்க வைக்கணும். பிறந்த குட்டிக்குத் தன் உடல் சூட்டைக் காக்கத் தெரியாது, மஸ்கெலியா மழைக்குளிரில் ஒரு இரவே போதும் சாகிறதுக்கு. துணி சுற்றிய சுடுதண்ணிப் போத்தல் வைக்கலாம். தையலைத் தினமும் பாருங்க; சிவந்து வீங்கினால், நாறினால் உடனே வைத்தியர். நக்க விடக்கூடாது. வலிக்கு வீட்டிலுள்ள பனடோல், புருஃபன் கொடுத்திடாதீங்க, நாய்க்கு அது நஞ்சாகலாம். தையல் பிரிக்க பத்துப் பதினாலு நாள்.

இன்னொரு கேள்வியை வைத்தியர் முன்கூட்டியே கேட்கலாம்: கருப்பையையும் சேர்த்து எடுத்திடவா? போரோ வேறு வழியில்லாமல் செய்ததை இப்போது விரும்பியே செய்கிறார்கள். அடுத்த ஈற்றுக்கு லயத்தில் இடமில்லை என்றால் சரி என்று சொல்லலாம். பால் வற்றிடுமோ என்று பயம் வேண்டாம், கருப்பை போனாலும் பால் சுரக்கும்.