ராட்டை எப்படிச் சக்கரமானது?

இந்தச் சுதந்திர தினத்தன்று நம் வளாகத்தில் கொடியேற்றி முடித்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு சிறுவன் கேட்டான்: "தாத்தா, திருப்பூர் குமரன் படத்துல கொடியில ராட்டை இருக்கே, நம்ம கொடியில ஏன் சக்கரம்?"

1921-ல் விஜயவாடாவில் பிங்கலி வெங்கையா காந்தியடிகளிடம் கொடுத்த வடிவத்தில் சிவப்பு, பச்சை என இரண்டே நிறங்கள். அவை இந்துக்களையும் முஸ்லிம்களையும் குறித்தன. மற்ற எல்லோருக்குமாக வெள்ளையையும், ராட்டையையும் சேர்க்க வைத்தார் காந்தி. நிறத்துக்கு மதம் பார்ப்பது பின்னால் சர்ச்சையானது. 1931-ல் காங்கிரஸ் சிவப்பை எடுத்துவிட்டுக் காவியை மேலே வைத்தது. நிறங்களுக்கு மதப் பொருள் கிடையாது என்றும் தெளிவாகச் சொன்னது. காவி தைரியத்துக்கும் தியாகத்துக்கும், வெள்ளை உண்மைக்கும் அமைதிக்கும் அடையாளம். 1932 ஜனவரியில் தடியடி பட்டும் குமரன் விடாமல் பிடித்திருந்தது இந்த ராட்டைக் கொடியைத்தான்.

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் இன்றைய கொடிக்கான தீர்மானத்தை நேரு கொண்டுவந்தார். மாற்றத்துக்கு அவர் சொன்ன காரணம் எளிமையானது. ராட்டையில் ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் கதிர். கொடியைப் பின்புறமிருந்து பார்த்தால் இரண்டும் இடம் மாறித் தெரியும். கொடியோ இருபுறமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். எனவே சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சாரநாத் அசோகர் தூணில் உள்ள 24 ஆரக்கால் சக்கரத்தின் வடிவத்தை அதற்குக் கொடுத்தார்கள். முழு ராட்டை போனதில் காந்திக்கு வருத்தம்தான்.

1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னைக் கோட்டையில் ஏற்றிய கொடி இன்றும் கோட்டை அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

முன்பெல்லாம் சாதாரண மக்கள் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டுமே கொடியேற்றலாம். 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த கொடி விதிகள், எந்த நாளிலும் ஏற்றும் உரிமையை நமக்குத் தந்தன. ஆனால் இந்த ஆகஸ்ட் 20 அன்று நம் குப்பைத்தொட்டியில், காய்கறித் தோலுக்கு நடுவே இரண்டு கொடிகளைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

வங்கியில் கிழிந்த நோட்டைக்கூட எண்ணிக் கட்டி, கணக்கு எழுதித்தான் திருப்பி அனுப்புவோம். கிழிந்த அல்லது அழுக்கான கொடியைத் தனியிடத்தில், முழுமையாக, மரியாதையோடு எரிப்பதே நல்லது என்கின்றன விதிகள். அடுக்குமாடியில் அதற்கு வசதியில்லாதவர்கள் கொடியை மடித்து என்னிடம் கொடுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.