வீட்டு அறைக்குள் வந்த ஒலிப்பதிவுக் கூடம்



நம் சேத்தூரில் பழைய மாணவர் ஒருவர் வீட்டு மாடி அறையில் இசைப்பதிவுக்கு ஏற்பாடு செய்துவருகிறார். கீபோர்டு, கணினி, மைக் எல்லாம் வாங்கிவிட்டார். "இந்த மிடி எப்படி சார் வந்தது?" என்று கேட்டார். வகுப்பெடுத்துப் பழகிய வாய் சும்மா இருக்குமா? எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

1980களின் தொடக்கத்தில் ஒரு கம்பெனி கீபோர்டை இன்னொரு கம்பெனி கீபோர்டோடு இணைப்பது பெரும்பாடு. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ காகேஹாஷியும் முன்னின்று, போட்டிக் கம்பெனிகளை ஒரே விதிமுறைக்கு இணங்க வைத்தார்கள். 1983இல் மிடி வெளிவந்தது. அதற்காக 2013இல் இருவருக்கும் கிராமி விருது கிடைத்தது.

மிடி ஒலியைப் பதிவதில்லை. எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்பதை மட்டும் எண்களாகக் குறித்துக்கொள்கிறது. நாம் எழுதும் சுரக்குறிப்பு மாதிரிதான். கணினி அதைப் படித்து வாசிக்கும். ஒரு சுரம் தப்பினால் அதை மட்டும் திருத்தலாம். அதற்கு முன் கோடம்பாக்கத்தில் வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒருவர் தப்பினால் எல்லாரும் திரும்ப வாசிக்க வேண்டும்.

நம் திரையிசையில் கணினியைப் புகுத்திய முன்னோடி என்று இளையராஜாவின் 'புன்னகை மன்னன்' (1986) படத்தைச் சொல்வார்கள். நம் மலைத்தொடரின் அடிவாரத்தில், பண்ணைப்புரத்தில் பிறந்தவர் அவர். அவருடைய குழுவில் கீபோர்டு வாசித்த ஏ.ஆர்.ரகுமான், 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டு வளாகத்திலேயே 'பஞ்சதன் ரெக்கார்டு இன்' கூடத்தைக் கட்டினார். கருவி வாங்கத் தாயார் தம் நகைகளைத் தந்ததை அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 1992இல் 'ரோஜா' வந்தது. முதல் படத்துக்கே தேசிய விருது. வீட்டுக் கூடத்திலிருந்தும் நாட்டையே கேட்க வைக்கலாம் என்று ஊருக்கு ஊர் இளைஞர்கள் நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 1991இல் 'ஜெனரல் மிடி' என்று 128 ஒலிகளுக்குப் பொதுப் பட்டியல் போட்டார்கள். சிதார் 105ஆம் எண், ஷெனாய் 112ஆம் எண். நாகசுரம் இல்லை, வீணை இல்லை. தாள ஒலிகளிலும் தவில், மிருதங்கம், உறுமி எதுவும் இல்லை. சுரத்தை வளைக்கக் கீபோர்டில் ஒரு சக்கரம் உண்டு. ஆனால் சீவாளியில் உதடும் மூச்சும் சேர்ந்து காட்டும் கமகத்தை அது முழுதாகத் தருமா? பிற்காலத்தில் நம் வாத்திய ஒலிகளும் கணினிக்கு வந்தன. அவையும் யாரோ ஒரு வித்வானை மைக் முன் உட்காரவைத்துப் பதிந்தவைதான்.

அதனால், கீபோர்டோடு நின்றுவிடாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத்தில் கேட்கும் நாகசுரம், நம் கொடை விழாக்களின் நையாண்டி மேளம், உறுமி ஆகியவற்றை மைக் வைத்துப் பதியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், கதவில் கனத்த போர்வை தொங்கவிடுங்கள், நாகசுரத்துக்கு மைக்கைச் சற்றுத் தள்ளி வையுங்கள். வாசித்தவரின் அனுமதியோடு பெயர், ஊர், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சன்மானம் கொடுக்காமல் அனுப்பாதீர்கள். மேளக்காரர் வீடுகளில் அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பதிவதற்கான காலம் இதுதான்.

யாரிடமாவது பழைய கேசட் பதிவுகள் இருந்தால் சொல்லுங்கள். கணினியில் ஏற்றி வைப்போம்.

அன்புடன்,
உங்கள் சார்