நால்வருக்கான வாள்

வேகத்துக்கென்றே செய்யப்படும் கார்களில் பெரும்பாலும் இருவருக்கே இடமுண்டு. பின்புறத்தில் இருக்கை அமைந்திருந்தாலும் அது சிறுவர்களுக்கோ பயணப்பைகளுக்கோதான் போதும். வளர்ந்த ஒருவர் அங்கே அமர்ந்தால் தலை கூரையில் முட்டும். முழங்கால் நெஞ்சைத் தொடும். இக்குறையை நீக்கி, நான்கு பெரியவர்கள் வசதியாக அமர்ந்து மணிக்கு 240 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லத்தக்க கார் ஒன்று 1968ஆம் ஆண்டில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. இத்தாலியின் லம்போர்கினி நிறுவனம் உருவாக்கிய அக்காரின் பெயர் எஸ்பாடா. ஸ்பானிய மொழியில் வாள் என்பது இதன் பொருள். நிறுவனத்தின் சின்னம் காளை என்பதால், காளையுடன் பொருதும் வீரனின் வாளையே பெயராகச் சூட்டினர்.

இக்காரின் வரலாறு ஒரு விவசாயியின் மகனிடமிருந்து தொடங்குகிறது. ஃபெருச்சியோ லம்போர்கினி 1916இல் வட இத்தாலியின் எமிலியா சமவெளியில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது ரோட்ஸ் தீவில் இத்தாலிய விமானப்படையின் வாகனங்களைப் பழுதுபார்த்தார். போரின் முடிவில் பிரித்தானியரிடம் கைதியானார். விடுதலை பெற்று ஊர் திரும்பியபோது நாடு தோற்று நொடிந்து கிடந்தது. வயல்களில் உழவு இயந்திரங்களுக்குப் பெருந்தட்டுப்பாடு நிலவிற்று. இராணுவம் கழித்துவிட்ட வாகனங்களின் பாகங்களை வாங்கி, அவற்றைக் கொண்டே உழவு இயந்திரங்களைச் செய்து விற்றார். போருக்குப் பயன்பட்ட இரும்பு நிலத்தை உழப் புறப்பட்டது. அத்தொழிலில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு, 1963இல் சாந்த் ஆகத்தா பொலொனேசே என்னும் சிற்றூரில் கார்த் தொழிற்சாலையை நிறுவினார்.

கார்ப்பந்தயங்களில் அவருக்கு நாட்டமிருக்கவில்லை. நெடுந்தூரம் களைப்பின்றிச் செல்லும் விரைவான கார்களையே அவர் விரும்பினார். நால்வர் அமரும் கார் என்னும் எண்ணம் இவ்விருப்பத்திலிருந்தே வளர்ந்தது.

அதற்கு உருவம் கொடுத்தவர் மார்செல்லோ காந்தினி. 1938இல் தூரின் நகரில் இசைக்குழு நடத்துநர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், பெர்த்தோனே வடிவமைப்பகத்தில் பணியாற்றினார். 1967இல் மார்சால் என்ற மாதிரிக் காரை வரைந்தார். அதன் கதவுகள் பறவையின் சிறகுகள்போல் மேலெழுந்தன. கீழ்ப்பகுதியும் கண்ணாடியாகவே இருந்தது. அவ்வாண்டு மொனாக்கோ கார்ப்பந்தயத்துக்கு முன்னர் இளவரசர் ரெய்னியரும் இளவரசி கிரேசும் அதில் பந்தயப் பாதையை வலம்வந்தனர். ஆனால், காட்சிக்கு உகந்தது யாவும் வீதிக்கு உகந்ததாகாது. எனவே எஸ்பாடாவில் கதவுகள் வழமையான முறையிலேயே அமைந்தன.

காரின் உயரம் ஏறத்தாழ 1.19 மீற்றர் மட்டுமே. ஏழு வயதுப் பிள்ளையின் உயரம் என்று சொல்லலாம். இத்தனை தாழ்ந்த கூரையின்கீழ் நால்வரை அமரச் செய்தது எவ்வாறு? பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட நான்கு லீற்றர் எஞ்சின் முன்புறத்தில் வைக்கப்பட்டது. முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையேயான தூரம், முந்திய நாலிருக்கைக் காரைவிட 10 சென்ரிமீற்றர் கூட்டப்பட்டு 2.65 மீற்றராயிற்று. ஏனைய வேகக் கார்களின் கூரை முன்னிருக்கைக்குப் பின்னால் சரியத் தொடங்கும். எஸ்பாடாவின் கூரையோ ஏறக்குறைய மட்டமாகவே பின்னோக்கி நீண்டு, இறுதியில் வெட்டிவிட்டாற்போல் முடிகிறது. இதனாலேயே பின்னிருப்பவரின் தலைக்கு இடம் கிடைத்தது. பக்கவாட்டில் அகன்ற யன்னல்கள். வாற்புறத்தில் செங்குத்தாக நிற்கும் சிறு கண்ணாடி. பின்னுக்கு எடுக்கும்போது தடைகளைக் காண அக்கண்ணாடி உதவிற்று. அழகுக்காக இடத்தையோ இடத்துக்காக அழகையோ காந்தினி விட்டுக்கொடுக்கவில்லை. அதுவே இவ்வடிவமைப்பின் சிறப்பு.

குறைகளும் இல்லாமலில்லை. முதற்கார்களின் சுக்கானைத் திருப்ப நல்ல புயவலிமை வேண்டியிருந்தது. சுக்கானுக்கு எஞ்சினின் துணைவலு 1972இல் வந்த மூன்றாம் தொடரிலேயே எல்லாக் கார்களுக்கும் பொதுவாயிற்று. பெற்றோலையோ அது தண்ணீராய்க் குடித்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி மூண்டது. இத்தாலியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதே தடைசெய்யப்பட்டது. ஃபெருச்சியோ 1972இலும் 1974இலும் தம் பங்குகளை விற்று, ஊம்பிரியா மாநிலத்தில் திராட்சைத் தோட்டம் வளர்க்கச் சென்றார். மண்ணிலிருந்து வந்தவர் மண்ணுக்கே திரும்பினார். அங்கிருந்தவாறே 1993இல் காலமானார். எஸ்பாடாவின் உற்பத்தி 1978இல் நின்றது. பத்தாண்டுகளில் செய்யப்பட்டவை சுமார் 1,200 கார்கள். அதுவரையில் அந்நிறுவனம் வேறெந்தக் காரையும் அத்தனை எண்ணிக்கையில் செய்ததில்லை.

2024இல் காந்தினி மறைந்தபோது, உலகம் பெரிதும் பேசியது அவர் வரைந்த மியூரா, கவுந்தாச் என்னும் இருவர் கார்களைப் பற்றியே. கண்ணைப் பறிப்பவை அவைதாம். ஆயினும் இருவருக்கு ஒரு வேகக் காரை வரைவதைவிட, நால்வருக்கு வரைவதே கடினமான பணி. வேகத்தை விரும்பும் ஒருவர் தம் பிள்ளைகளை வீட்டில் விட்டுச்செல்ல வேண்டியதில்லை என்பதை எஸ்பாடா மெய்ப்பித்துக் காட்டியது.