நடுரோட்டில் நின்ற இன்ஜின்... ‘வாரன்ட்டி இல்லை’ என்ற கம்பெனி... கார் ஓனர்கள் என்ன செய்யலாம்?

திருநெல்வேலியில் கல்யாண ரிசப்ஷன். சாப்பிட்டுவிட்டு ராத்திரி சங்கரன்கோவிலுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள். மானூர், தேவர்குளம் தாண்டியாச்சு. பனவடலிசத்திரம் பக்கம் வரும்போது, டேஷ்போர்டில் எண்ணெய்க் கிண்ணம் மாதிரி ஒரு சிவப்பு லைட் எரிகிறது. ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்’ என்று ஓட்டுகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் ‘டக டக’வென்று சத்தம். அப்புறம் வண்டி நின்றுவிடுகிறது. சாவியைத் திருகினாலும் அசையவில்லை.

மறுநாள் டோ பண்ணி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், “இன்ஜின் சீஸ் ஆகிடுச்சு சார். இது வாரன்ட்டியில வராது. லட்சத்தைத் தாண்டும்” என்கிறார்கள். கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு போன் போட்டால், “டீலரைப் பாருங்க” என்கிறார்கள். டீலரோ, “கம்பெனிதான் முடிவு பண்ணணும்” என்கிறார். இ.எம்.ஐ மட்டும் தேதி தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் கோபத்தைவிட, முதல் ரெண்டு நாளில் நீங்கள் சேர்த்துவைக்கும் பேப்பர்தான் உங்களைக் காப்பாற்றும். எப்படி என்று பார்ப்போம்.

லைட் எரிஞ்சா ஓரம் கட்டுங்க!

அந்தச் சிவப்பு லைட், ஆயில் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. ஆயிலின் அழுத்தம் குறைந்துவிட்டது என்று சொல்கிறது. கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் இருப்பது மெல்லிய ஆயில் படலம்தான். அழுத்தம் போனால் அந்தப் படலம் போய்விடும். இரும்போடு இரும்பு உரசி, சூடேறி, இறுகிவிடும். இதைத்தான் ‘சீஸ்’ என்கிறார்கள்.

அதனால் ஆயில் லைட்டோ, டெம்பரேச்சர் லைட்டோ சிவப்பில் எரிந்தால் பாதுகாப்பாக ஓரம்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணுங்கள். ‘ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமே’ என்ற ஆசை வேண்டாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் திறக்காதீர்கள். லைட்டையும் ஓடோமீட்டரையும் சேர்த்து போனில் ஒரு போட்டோ எடுத்துவிட்டு, ரோடு சைடு அசிஸ்டன்ஸுக்கு போன் பண்ணுங்கள். அந்த அழைப்பின் நேரமும் ஒரு சாட்சிதான்.

லைட் எரிந்த பிறகும் ஓட்டினீர்கள் என்றால், கம்பெனி அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். ஆனால் கேள்வி அதோடு முடிவதில்லை. அழுத்தம் ஏன் குறைந்தது? ஆயிலே இல்லாமல் ஓட்டியிருந்தால் தப்பு நம் பக்கம். ஆயில் பம்ப் பழுதாகியிருந்தால்? இந்த ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்குவதுதான் உங்கள் வேலை.

தண்ணியில நின்ன வண்டியா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ பெய்தது. அந்த மாதிரி நேரத்தில் தண்ணீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்தால், சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். இதை வாரன்ட்டியில் கேட்க முடியாது, இன்ஷூரன்ஸில்தான் கேட்க வேண்டும். அதிலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணியதால் வந்த சேதத்தைச் சாதாரண பாலிசி ஏற்காது. ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் கவர் வேண்டும். உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

சர்வீஸ் சென்டரில் முதல் நாள்

* ஜாப் கார்டில் உங்கள் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். தேதி, கிலோமீட்டர், என்ன லைட் எரிந்தது, என்ன சத்தம் வந்தது... எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

* இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் உங்களைக் கூப்பிடச் சொல்லி மெயில் அனுப்புங்கள். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு எவ்வளவு, ஆயிலில் இரும்புத் துகள் இருக்கிறதா, எந்த பேரிங் போயிருக்கிறது என்பதெல்லாம் பதிவாகட்டும்.

* பழுதுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். “வாய்ல சொன்னாங்க” என்பது எங்கேயும் செல்லாது.

* பிரச்னை முடியும் முன் வெளி ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து இன்ஜினைச் சரிசெய்துவிடாதீர்கள். சரிசெய்த பிறகு ‘தயாரிப்புக் குறை’ என்று நிரூபிக்க ஆதாரமே இருக்காது. பழைய பார்ட்ஸைக் கழிவில் போடவும் விடாதீர்கள்.

வாரன்ட்டியை மறுக்க வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் சில உண்டு. சர்வீஸைத் தவறவிட்டது, வேறு கிரேடு ஆயில் ஊற்றியது, வெளியில் கேஸ் கிட் மாட்டியது, வயரிங்கை வெட்டி ஆக்சஸரீஸ் போட்டது. இதில் எது என்று குறிப்பாகக் கேளுங்கள். அதற்கும் இன்ஜின் போனதற்கும் என்ன தொடர்பு என்றும் கேளுங்கள். மியூசிக் சிஸ்டம் மாற்றியதற்கும் ஆயில் பம்ப் பழுதுக்கும் சம்பந்தம் இருக்காதே!

டீலர் வேற... கம்பெனி வேற!

நமக்கு ரெண்டும் ஒன்றாகத்தான் தெரியும். சட்டத்தில் அப்படி இல்லை. கோவாவில் ஒருவருக்கு 2009 மாடல் காரைப் புதிய கார் என்று 2011-ல் டீலர் விற்ற வழக்கில், 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. டீலர் செய்த தவறு கம்பெனிக்குத் தெரியும் என்று காட்டாதவரை, அதற்கு டாடா மோட்டார்ஸைப் பொறுப்பாக்க முடியாது என்றது கோர்ட். டீலருக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம், இரண்டு தனித்தனி வியாபாரிகளுக்கு இடையில் உள்ளதைப் போன்றது என்பதுதான் காரணம்.

நமக்கு இதில் பாடம் என்ன? மெயிலோ, நோட்டீஸோ, வழக்கோ... இருவரையும் சேர்த்தே அனுப்புங்கள். தயாரிப்புக் குறை என்றால் கம்பெனி பதில் சொல்லட்டும். சர்வீஸில் செய்த தவறு என்றால் டீலர் பதில் சொல்லட்டும். யார் எதைச் செய்தார்கள் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

புது கார் கிடைக்குமா?

“எனக்குப் புது வண்டியே வேணும்” என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் கிளட்ச் பழுது தொடர்பான மாருதி வழக்கில், வாரன்ட்டிப்படி பழுதான பாகத்தை மாற்றித்தர வேண்டியதுதான் கம்பெனியின் கடமை, முழு காரையும் அல்ல என்று 2006-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதனால் ‘இன்ஜினை மாற்றிக்கொடு, வண்டி நின்ற நாள்களுக்கு நஷ்டஈடு கொடு’ என்று கேட்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

விதிவிலக்கும் உண்டு. 2009 செப்டம்பரில் வாங்கிய சில நாள்களிலேயே பழுதான ஒரு பி.எம்.டபிள்யூ காருக்காக, ஐதராபாத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனம் போராடியது. 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. ஜெயிச்சாங்க, ஆனா கிட்டத்தட்ட 15 வருஷம் ஆச்சு. நியாயமான சமரசம் நடுவில் வந்தால் யோசித்துப் பார்ப்பதில் தப்பில்லை.

உங்களுக்கு மட்டும்தானா இந்தப் பிரச்னை?

அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கார்களில் இருந்த ‘தீட்டா 2’ இன்ஜின்கள் ஓடும்போதே இறுகி நின்றன. தயாரிப்பின்போது கிராங்க் ஷாஃப்ட்டில் தங்கிய இரும்புத் துகள்கள் ஆயில் போகும் வழியை அடைத்ததுதான் காரணம். 2015-ல் சுமார் 4.7 லட்சம் கார்கள், 2017-ல் மேலும் சுமார் 12 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ரீகால் தாமதமானதற்காக 2020 நவம்பரில் 21 கோடி டாலர் அபராத உடன்பாடு ஏற்பட்டது. உண்மையை வெளியே கொண்டுவந்த ஹூண்டாயின் முன்னாள் இன்ஜினீயருக்கு 2.4 கோடி டாலர் வெகுமதி கிடைத்தது. சொந்தச் செலவில் ரிப்பேர் செய்தவர்களும் பில் வைத்திருந்தால் பணத்தைக் கேட்டு வாங்க முடிந்தது. பில்லைத் தூக்கிப் போட்டவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்!

இந்தியாவிலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. ஆர்.சி-யில் இருக்கும் 17 எழுத்து சேஸிஸ் நம்பரை உங்கள் கம்பெனியின் வெப்சைட்டில் போட்டு, ரீகால் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வேலை இலவசம்.

சங்கரன்கோவிலில் இருந்தே வழக்கு போடலாம்!

“கம்பெனி ஆபீஸ் எங்கோ இருக்கு, நாம எங்க போய் அலையறது?” என்றுதான் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த அலைச்சலே தேவையில்லை. 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கம்பெனிதான் அங்கே வந்து பதில் சொல்ல வேண்டும்.

* முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தமிழிலேயே பேசலாம். பல பிரச்னைகள் இங்கேயே பேசி முடிந்துவிடும்.

* முடியவில்லை என்றால் டீலர், கம்பெனி இருவருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள்.

* அடுத்து ஆணையம். காருக்கு நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் ஆன்லைனிலேயே பதியலாம். வக்கீல் கட்டாயம் இல்லை.

* பிரச்னை எழுந்த நாளில் இருந்து 2 வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். ‘பார்க்கலாம் சார்’ என்று டீலர் இழுத்தடிக்கும்போது காலண்டரில் ஒரு கண் இருக்கட்டும்.

* குறையை நிரூபிக்க நிபுணர் அறிக்கை முக்கியம். தகுதியுள்ள ஆட்டோமொபைல் இன்ஜினீயரிடம் அறிக்கை வாங்குங்கள். காரைப் பரிசோதிக்க உத்தரவிடும்படி ஆணையத்திடமும் கேட்கலாம்.

பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் டாக்ஸி என்றால், ‘இது கமர்ஷியல் வண்டி, நீங்க நுகர்வோரே இல்லை’ என்று சொல்வார்கள். பயப்படாதீர்கள். சுயதொழில் செய்து வாழ்க்கை நடத்த வாங்கிய வண்டிக்கு இந்தச் சட்டம் பொருந்தும்.

கம்பெனியே கிளம்பிட்டா?

இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு அறிவித்தது. சென்னையை அடுத்த மறைமலைநகர் ஆலையில் கடைசி கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. சர்வீஸ், ஸ்பேர் பார்ட்ஸ், வாரன்ட்டி தொடரும் என்று கம்பெனி சொன்னாலும், ஓனர்களின் முதல் கவலை அதுவாகத்தான் இருந்தது. அதனால் கார் வாங்கும்போது மைலேஜ், சன்ரூஃப் மட்டும் பார்க்காதீர்கள். நம்ம ஊரில் இருந்து ராஜபாளையமோ, தென்காசியோ, திருநெல்வேலியோ... டோ வண்டி போய்ச் சேரும் தூரத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கடைசியாக, இன்று ராத்திரி பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். போனில் ‘கார்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு, இன்வாய்ஸ், வாரன்ட்டி புக், இன்ஷூரன்ஸ், எல்லா சர்வீஸ் பில்லும் போட்டோ எடுத்துப் போட்டுவையுங்கள். பனவடலிசத்திரம் ரோட்டில் அந்தச் சிவப்பு லைட் எரியாமலே போகலாம். எரிந்தால், “சர்வீஸ் பண்ணலையே சார்” என்று சொல்பவரிடம் நீட்ட உங்கள் கையில் பில் இருக்கும்.