சேது நாட்டின் கதை: தடியத்தேவரின் ஞானஸ்நானமும் ஓரியூர்த் தண்டனையும்

மறவர் சீமையான சேது நாட்டை ஆண்ட, கிழவன் சேதுபதி என்று அறியப்படும் ரகுநாத சேதுபதி, கீழக்கரை மரைக்காயர்களோடு, அதாவது கடல் வாணிகத்தில் தழைத்திருந்த முஸ்லிம் வணிகர்களோடு, கொண்டிருந்த நெருக்கம் பெரிது. அவர்களுள் ஒருவரான வள்ளல் சீதக்காதி சேதுபதியின் அவையில் செல்வாக்குப் பெற்றிருந்தார், கோயில் மண்டபத்தை ஒத்த கல் தூண்களோடு கீழக்கரை ஜும்மா பள்ளிவாசல் எழுந்ததும் அக்காலத்திலேயே. அதே மன்னரின் ஆணையால்தான் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் ஒரு கத்தோலிக்கத் துறவி தலை வெட்டப்பட்டு மாண்டார். ஆகவே அம்மரணத்தை மதவெறி என்ற ஒற்றைக் காரணத்தால் விளக்கிவிட முடியாது.

அத்துறவி, லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ, இயேசு சபையின் மதுரை மிஷனில் சேர்ந்து, பண்டாரசுவாமிகளைப் போல உடுத்தி, புலால் நீக்கி, அருளானந்தர் என்ற பெயரோடு மறவர் சீமையில் சமயம் பரப்பினார். 1686இல் அவரும் உடனிருந்த உபதேசியார்களும் பிடிபட்டு, சிவன் பெயரைச் சொல்லும்படி வதைக்கப்பட்டனர். எனினும் சேதுபதி அவரை நேரில் விசாரித்தபின், இனி இந்நாட்டில் போதிக்கக்கூடாது என்ற தடையோடு விடுவித்துவிட்டார். மத மாற்றம் மட்டுமே குற்றமாயிருந்தால் அன்றே தலை போயிருக்கும்.

நிலைமையை மாற்றியவர் தடியத்தேவர். சேது அரியணைக்கு உரிமை கோரத்தக்க குடும்பத்தைச் சேர்ந்த அவர், நோயிலிருந்து மீண்டு, தடையை மீறித் திரும்பிவந்திருந்த அருளானந்தரிடம் 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்றபோது, கத்தோலிக்க விதிப்படி முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டியதாயிற்று. விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண். மறவர் சீமையில் திருமணம் என்பது பாளையத்தையும் படையையும் பிணைக்கும் உடன்படிக்கையாதலால், பாதிரியாரின் ஒழுக்கவிதி அரண்மனையின் அரசியலைத் தொட்டுவிட்டது. போட்டியாளர் ஒருவருக்குப் புதிய குடிமக்கள் கூட்டம் சேருமோ என்ற அச்சமும் அதனோடு கலந்தது. சில நாட்களில் கைதான அருளானந்தர், ஓரியூரில் இருந்த, சேதுபதியின் சகோதரரான உடையத்தேவரிடம் அனுப்பப்பட்டு அங்கே கொல்லப்பட்டார்.

இங்கிலாந்தில் 1553 முதல் 1558 வரை ஆண்ட கத்தோலிக்க அரசி முதலாம் மேரியின் நடைமுறை இதற்கு வேறானது. தந்தை எட்டாம் ஹென்றி ரோமிலிருந்து பிரித்த திருச்சபையை மீண்டும் போப்பின்கீழ்க் கொணர முனைந்த அவர், பழைய சமயத்துரோகச் சட்டங்களை உயிர்ப்பிக்க, ஏறத்தாழ 280 புரொட்டஸ்டண்டுகள் எரிக்கப்பட்டனர். அவர்களிடம் கேட்கப்பட்டது கோட்பாடு: நற்கருணை அப்பம் மெய்யாகவே கிறிஸ்துவின் உடலாகிறதா? பதிலைப் பொறுத்தே தீயிட்டார்கள். சேதுபதிக்கு அப்பத்தைப் பற்றிக் கவலையில்லை. அதற்காக அவரைச் சகிப்பின் உருவமாகக் கொள்வதும் மிகை. சமகாலத்தில் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை நாட்டை ஆண்ட ராணி மங்கம்மாள், இயேசு சபையினரிடம் இதைவிட மென்மையாகவே நடந்துகொண்டார்.

பாக் நீரிணைக்கு அப்பால் வழக்கு தலைகீழாக இருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் புரொட்டஸ்டண்டுகள். அவர்கள் கத்தோலிக்கக் குருக்களை அடியோடு தடைசெய்ததால், 1687இல் கோவாவிலிருந்து சென்ற யோசேப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில்தான் பணியாற்ற முடிந்தது. அதே டச்சுக்காரர்கள் கீழக்கரையில் சேதுபதியின் இசைவோடு வாணிகம் நடத்தி வந்தனர்.