பாயசமும் பலூனும்

திருப்புல்லாணி ஆதிஜெகநாதப் பெருமாள் கோவில் பாயசம் பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்களுக்கானது. தசரதன் இங்கே வேண்டிக்கொண்டுதான் ராமனைப் பெற்றான் என்கிறது தலபுராணம். அம்மாவின் வேண்டுதலுக்காக நானும் மனைவியும் கிளம்பினோம். இரண்டு வாரம் முன்புதான் ஒரு மருத்துவர், "முதல்ல பதினஞ்சு கிலோ குறைங்க, அப்புறம் குழந்தை பத்திப் பேசலாம்" என்று அவளிடம் சொல்லி, வயிற்றில் பலூன் வைக்கும் சிகிச்சையின் கையேட்டை நீட்டியிருந்தார். கத்தி கிடையாது, ஆறே மாதம். எங்கள் துறையில் இப்படி ஒன்றை யாராவது காட்டினால், பழைய வெர்ஷனில் என்ன உடைந்தது என்றுதான் கேட்போம். ராமநாதபுரம் லாட்ஜில் அன்றிரவு அதைத் தேடினேன்.

சிலருக்கு விழுங்கிய முடியும் நாரும் இரைப்பையில் உருண்டையாகத் திரண்டுவிடும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துபோகும். அந்த நோயையே மருந்தாக்கினால் என்ன? 1982இல் நீபென், ஹார்போ என்ற டென்மார்க் மருத்துவர்கள் பலூனைச் செயற்கை உருண்டையாக்கி 'லான்செட்' இதழில் எழுதினார்கள். 1985இல் அமெரிக்கா கேரன்-எட்வர்ட்ஸ் பலூனுக்கு அனுமதி கொடுத்தது. உருளை வடிவம், உள்ளே சுமார் 220 மில்லி காற்று. இரைப்பையில் புண் வந்தது. காற்றுப்போன பலூன்கள் குடலுக்கு இறங்கி அடைத்துக்கொண்டன. போதாக்குறைக்கு, பலூன் வைத்ததாக நம்பவைக்கப்பட்டவர்களும் உணவுக் கட்டுப்பாட்டால் கிட்டத்தட்ட அதே அளவு இளைத்திருந்தார்கள்! 1988இல் விற்பனை நின்றது.

அதற்கு ஒரு வருடம் முன்பே, ஃப்ளோரிடாவின் டார்பன் ஸ்பிரிங்ஸில் நிபுணர்கள் கூடி நல்ல பலூன் எப்படி இருக்கவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். வழவழப்பாக இருக்கவேண்டும், திரவம் நிரப்பவேண்டும், எக்ஸ்ரேயில் தெரியவேண்டும். எனக்கு ரொம்பப் பழக்கமான வகை ஆவணம். எல்லாம் உடைந்த பிறகு எழுதுகிற தேவைப் பட்டியல்.

கையேட்டில் இருந்தது அதன் வாரிசு. சிலிக்கோன் உருண்டை, 400 முதல் 700 மில்லி உப்புநீர். கூடவே நீலச் சாயம் கலப்பார்கள். கசிந்தால் சிறுநீர் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். இதை யோசித்தவரை நேரில் பார்த்தால் கைகுலுக்குவேன். 2015இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 2017இல் அதே அமைப்பு, திரவ பலூன் வைத்த ஐந்து பேர் இறந்ததாகவும் காரணம் உறுதியாகவில்லை என்றும் எச்சரித்தது. கையேட்டில் இது இல்லை.

வாய்வழியாக உள்ளே போய் இரைப்பையைத் தைத்துச் சுருக்கும் இன்னொரு முறையும் உண்டு. மனிதரில் முதலில் செய்து பார்த்தது இந்தியாவில், 2012இல். 2022இல் வெளியான ஆய்வில் ஓராண்டில் சராசரியாக 13.6 சதவீத எடை குறைந்திருந்தது. பலூனைப் போல எடுத்துவிட வேண்டியதில்லை.

காலையில் பஸ்ஸில் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். ஒரே கேள்விதான் கேட்டாள்.

"பலூனை எடுத்த பிறகு?"

நிறைய பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடை திரும்பிவிடும் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோவிலில் பாயசம் வாங்கி, எனக்குப் பாதி மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தாள். "இது வேண்டுதலுங்க, கணக்குல வராது" என்றாள். பலூனுக்கு இன்னும் தேதி வாங்கவில்லை.