விசைத் துப்பாக்கியும் வேட்டைச் சட்டமும்

காட்டில் திரியும் முயல் யாருக்கு உரியது? இங்கிலாந்தில் இவ்வினா பல உயிர்களைக் கொண்டது.

1217ஆம் ஆண்டின் காட்டுச் சாசனம், மன்னனின் மானைக் கொன்றமைக்காக எவரும் உயிரையோ உறுப்பையோ இழத்தலாகாது என விதித்தது. ஆயினும் 1671ஆம் ஆண்டுச் சட்டம், பெரும்பாலும் ஆண்டுக்கு 100 பவுன் வருவாய் தரும் நிலமுடையார்க்கே வேட்டையுரிமை அளித்தது. தன் பயிரை மேய்ந்த முயலைக் கொல்லுதலும் சிறு உழவனுக்குக் குற்றமாயிற்று. 1723இல் வந்த கறுப்புச் சட்டமோ, முகத்திற் கரிபூசி ஆயுதத்துடன் மான்காட்டில் நுழைந்தோரைத் தூக்கிலிட வழிசெய்தது. ஐந்நூறு ஆண்டுகட்கு முன் பெற்ற காப்பு இவ்வாறு கைநழுவியது.

சட்டம் போதாதென்று நிலக்கிழார் விசைத் துப்பாக்கிகளையும் வைத்தனர். தரையோரம் கட்டிய கம்பியில் கால் இடறினால் துப்பாக்கி தானே வெடிக்கும். கள்வன் யார், வழிதவறியவன் யார் எனக் கம்பி அறியுமா? 1825இல், ஓடிப்போன மயிலைப் பிடிக்க ஒரு தோட்டத்துள் இறங்கிய இளைஞன் இத்தகைய துப்பாக்கியாற் காயமுற்றான். எச்சரிக்கைப் பலகை அங்கு இல்லை. 1828இல் நீதிமன்றம் அவனுக்கு இழப்பீடு வழங்கியது. அதற்கு முன்னரே, 1827இல், பாராளுமன்றம் வேட்டை நிலங்களில் இக்கருவியைத் தடுத்துவிட்டது.

இரவு வேட்டைக்குக் கடுமை நீடித்தது: 1828ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூன்றாம் முறை அகப்பட்டவனை 7 ஆண்டு நாடுகடத்தலாம். பகலில் நுழைந்தவனிடமோ, 1831ஆம் ஆண்டுச் சட்டப்படி, காவலன் முதலில் பெயரும் இருப்பிடமும் கேட்டு வெளியேறச் சொல்லவேண்டும், மறுத்தாற்றான் பிடிக்கலாம். நிலவளவால் வேட்டையுரிமை தரும் முறையும் அச்சட்டத்தோடு ஒழிந்தது.

உடைமையைக் காத்தல் முறையே. ஆயின், கேளாது சுடும் கருவியிடம் நீதியை ஒப்படைத்தல் முறையன்று. பெயரைக் கேட்பதிலேயே நீதி தொடங்குகிறது.